கூம்பு குறுகிய நாள்

நிலையம் 7, வங்கக் கடல்
9 நவம்பர் 2091, காலை 8:30

அழுத்தம் 1009 ஹெக்டோபாஸ்கல். காற்று வடகிழக்கிலிருந்து, மணிக்கு இருபது கி.மீ. பாதி வானம் மேகம். காபித்தூள் தீர்ந்துவிட்டது. அதைப் பதிவுப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று தலைமையகம் இன்னும் சொல்லவில்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் ஜெசிந்தா. வானிலையாளர். நடுக்கடலில் நங்கூரமிட்ட இரும்பு மேடையில் தனியாக இருக்கிறேன். மேற்கே, கண்ணுக்கெட்டும் தூரத்தில் தெப்பூர். கரையைக் கடல் விழுங்கிய பிறகு அறுநூறு பேர் தெப்பங்களைச் சேர்த்துக் கட்டிக் குடியேறிய மிதக்கும் ஊர். நங்கூரத்தை அறுத்துக்கொண்டு கிளம்பினால் அந்த இடத்தின் உரிமை போய்விடும் என்பது சட்டம். அதனால் வானம் கறுத்தவுடன் அவர்கள் ஓடுவதில்லை. தலைமையகம் அனுப்பும் வரைபடத்தை நான் தினமும் ரேடியோவில் வாசிப்பேன். ஊர்த்தலைவர் கஸ்பார் அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"அதெல்லாஞ் சரி தாயி. இருப்பமா, போவமா?"

இன்றைய படத்தில் ஒரு புயல் இருக்கிறது. படிக்கத் தெரியாதவர் பயப்பட வேண்டாம், சுலபம்தான். வளையம் வளையமாகத் தெரிபவை ஒரே அழுத்தமுள்ள இடங்களைச் சேர்க்கும் கோடுகள். கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் காற்று சாது. நெருக்கியடித்து நின்றால் கூரை போகும். நடு வளையம்தான் புயல். அதிலிருந்து நீளும் வெள்ளைக் கூம்பு, புயல் போகக்கூடிய பாதை. இந்தக் கூம்பு எங்களுக்குத் தெற்கே, வெகுதூரம் விலகிப் போகிறது.

வரைந்தவள் யமுனா. தலைமைக் கணிப்பாளர். பயிற்சிக் காலத்தில் எனக்கு அறைத்தோழி. என் அப்பா இறந்தபோது மூன்று நாள் எனக்குச் சோறு ஊட்டியவள். படத்தோடு குரல் செய்தியும் அனுப்பியிருந்தாள்.

"ஜெசி, கூம்புக்கு வெளியில இருக்கடி நீ. போர்த்திக்கிட்டுத் தூங்கு."

கஸ்பார் அண்ணனிடம் "இருங்க" என்றேன்.

10 நவம்பர், காலை 10:00

அழுத்தம் 1005. பிடிக்கவில்லை.

காற்றழுத்தம் தினமும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். புயல் இல்லாத நாளிலும் அப்படித்தான். மாலை நான்கு மணிக்கு இறங்கியிருந்தால் கண்டுகொள்ள மாட்டேன். ஆனால் காலை பத்து மணி, ஏற வேண்டிய நேரம். அதனால் எப்போதும் நேற்றைய இதே நேரத்தோடுதான் ஒப்பிட வேண்டும். நேற்று பத்து மணிக்கு 1010. இன்று ஐந்து குறைவு. புயல் நெருங்கினால்தான் இப்படி இறங்கும். விலகிப் போகிற புயலுக்கு இங்கே என்ன வேலை?

யமுனாவிடம் கேட்டேன். பதில் உடனே வந்தது.

"உன் பாரோமீட்டர் நம்ம ரெண்டு பேரையும் விடக் கிழவிடி. அதைப் போய் நம்பிக்கிட்டு. படத்தைப் பாரு, கூம்பு இன்னும் தெற்கே நகர்ந்திருக்கு."

கருவியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். திரும்பவும் 1005. எனக்குக் கருவியைவிட யமுனா பெரிது. தெப்பூருக்கு வாசித்தேன்: புயல் தெற்கே போகிறது, நீங்கள் இருங்கள்.

"நீ சொன்னாச் சரி தாயி" என்றார் கஸ்பார் அண்ணன்.

11 நவம்பர், காலை 8:30

அழுத்தம் 999. கிழக்கிலிருந்து நீண்ட அலைகள் வருகின்றன. மேடை முனகுகிறது.

தலைமையகத்தின் அழகான படத்தை ஒதுக்கிவிட்டு, அதற்கு அடியில் இருக்கும் கச்சாக் கணக்கைக் கேட்டேன். கணினி அனுப்பிவிட்டது. அதற்குப் பொய் சொல்ல யாரும் கற்றுத்தரவில்லை போலிருக்கிறது.

இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். ஒரு புயலைக் கணினி ஐம்பது தடவை ஓட்டிப் பார்க்கும், ஒவ்வொரு தடவையும் துளி மாற்றி. ஐம்பது பாதைகளும் ஐம்பது நூல்களாகப் படத்தில் விழும். தொடக்கத்தில் சேர்ந்திருக்கும், போகப் போகப் பிரிந்து விரியும், தென்னந்துடைப்பம் மாதிரி. நாளை என்பது இன்றைவிட நிச்சயமில்லாதது. கூம்பு விரிவதன் பொருள் அவ்வளவுதான்.

இந்தப் படத்தில் நூல்கள் முதலில் விரிகின்றன. வடமேற்கே, புதுத்துறை நகரத்தை நோக்கி. பிறகு மேற்கே வளைந்து குறுகுகின்றன. ஐம்பதும் ஒரே புள்ளியில் வந்து முடிகின்றன, நாளை காலை. அந்தப் புள்ளி தெப்பூர்.

இயற்கை இப்படிச் செய்யாது. குறுகுகிற கூம்பு கணிப்பு இல்லை, திட்டம்.

கடல் வெப்பப் படத்தையும் எடுத்தேன். வடக்கே ஒரு பெரிய குளிர்ந்த பரப்பு, அளவுகோல் வைத்து வெட்டியதுபோல நேரான விளிம்புகளோடு. ஆழத்துக் குளிர்நீரை மேலே இறைக்கும் மிதவைகள். புயல் சூட்டைத் தின்று வளர்வது. குளிரைக் கண்டால் ஒதுங்கும். வேலி போட்டு மாட்டைத் திருப்புகிற மாதிரி திருப்பியிருக்கிறார்கள். மனிதர்கள் இருக்கும் பக்கம் திருப்பக் கூடாதென்று சட்டம் இருக்கிறது.

தெற்கே போகும் கூம்பு மொத்தமும் கையால் வரைந்தது. யாருடைய கை என்று எனக்குத் தெரியும்.

11 நவம்பர், காலை 9:40

யமுனாவோடு பேசியதை அப்படியே பதிகிறேன்.

"யமுனா, அம்பது நூலும் ஏன் எங்க தலைமேல வந்து முடியுது?"



"இங்க புதுத்துறையில நாப்பது லட்சம் பேர் இருக்காங்க ஜெசி. அங்க அறுநூறு. நீயே சொல்லு."

"அறுநூறு பேரும் போயிருப்பாங்களே! ரெண்டு நாள் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அனுப்பியிருப்பேனே."

"கிளம்பினா ஏன்னு கேப்பாங்க. நியூஸ்ல வரும், கோர்ட்டுக்குப் போவாங்க, மிதவைக்குத் தடை வாங்குவாங்க. அவங்க இருக்கணும். நீ சொன்னாத்தான் இருப்பாங்க. அதனாலதான் அந்தப் படத்தை உனக்கு அனுப்பினேன்."

"என்னையுமா யமுனா?"

"உனக்கு மத்தியானம் ஹெலிகாப்டர் வருதுடி. உன்னை விட்டுருவேனா?"

அவள் அழுதாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சோறு ஊட்டியபோது அழுத அதே அழுகை. இவளை நான் இனி என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

11 நவம்பர், நண்பகல் 12:00

அழுத்தம் 996.

தெப்பூருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். படம் பொய். புயல் நேராக உங்கள்மேல் வருகிறது. இப்போதே அறுத்துக்கொண்டு தெற்கே போங்கள். மேற்கே நகரும் புயலுக்கு வடக்குப் பக்கம்தான் கொடூரம். அங்கே சுழலும் காற்றோடு புயல் ஓடுகிற வேகமும் சேர்ந்துகொள்ளும். தெற்குப் பக்கம் ஒன்றையொன்று குறைக்கும். தெற்கே, தெற்கே என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

நடுவில் தலைமையகம் அதே அலைவரிசையில் நுழைந்தது. "நிலையம் ஏழின் அறிவிப்பைப் பொருட்படுத்த வேண்டாம். அலுவலருக்கு மனநலக் குறைவு. புயல் தெற்கே செல்கிறது." யமுனாவின் குரல் இல்லை. அந்த மட்டில் வெட்கம் இருந்திருக்கிறது.

கஸ்பார் அண்ணன் கேட்டார்:

"நேத்து வரைக்கும் புயலு தெக்க போவுதுன்னு நீதான தாயி வாசிச்ச? இன்னைக்கு எங்களையே தெக்க போங்குத. எதை நம்ப?"

"இப்ப சொல்லுறத நம்புங்க அண்ணே."

"நேத்தும் நம்பத்தான செஞ்சோம்" என்றார். அவ்வளவுதான். யாரும் நங்கூரத்தில் கை வைக்கவில்லை.

11 நவம்பர், மதியம் 2:10

ஹெலிகாப்டர் மேடைமேல் நிற்கிறது. விமானி கையைக் காட்டி அவசரப்படுத்துகிறார்.

போகக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். அவர்களோடு கிடந்து சாகலாம். ஆனால் நான் இங்கே நின்றால் தெப்பூர் என்ன நினைக்கும்? ஆபீசுக்காரியே இருக்கிறாள், அப்புறம் நமக்கென்ன. நான் ஓடினால்? என் பேச்சை நம்பாதவர்கள் என் ஓட்டத்தை நம்புவார்கள். உயிருக்குப் பயந்து ஓடுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் வரைபடம் தேவைப்படாது.

துரோகி என்று சொல்வார்கள். சொல்லட்டும். பகல் வெளிச்சத்தில், எல்லோரும் பார்க்க ஏறப்போகிறேன். பெட்டி படுக்கையோடு.

11 நவம்பர், மதியம் 2:35, ஹெலிகாப்டரில்

பலித்துவிட்டது. கீழே தெப்பூர் கலைகிறது. கயிறுகளை வெட்டுகிறார்கள். எஞ்சின் புகை ஒவ்வொரு தெப்பத்திலிருந்தும் கிளம்புகிறது. பெண்கள் பிள்ளைகளைக் கட்டுமரத்திலிருந்து தெப்பத்துக்குத் தூக்கிப் போடுகிறார்கள். நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். விமானி திரும்பிப் பார்த்தார்.

கஸ்பார் அண்ணன் ரேடியோவில் ஊருக்குச் சொல்கிறார். கேட்கிறது:

"பாத்தியளாலே! நம்மளப் போட்டுட்டு ஓடுதா பாரு! அறுங்கலே, எல்லாத்தையும் அறுங்க! அவ தெக்க போவச் சொன்னா. புயலு போற திக்குக்கே நம்மள அனுப்பப் பாத்திருக்கா சண்டாளி. யாரும் தெக்க போவாதீய. வடக்க திருப்புங்க, வடக்க!"

மைக்கைப் பிடுங்கினேன். விமானி சொல்கிறார்: "மேடம், உங்களுக்குக் கேட்க மட்டும்தான் அனுமதி. பேசுற இணைப்பை எடுத்துட்டாங்க."

கஸ்பார் அண்ணனின் தெப்பம்தான் முதலில் திரும்புகிறது. பின்னால் ஒவ்வொன்றாக. இவ்வளவு ஒழுங்காக இந்த ஊர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

விமானியின் காலைப் பிடித்துக் கேட்டேன், கீழே இறக்குங்கள், ஒரு நிமிடம். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தரையிறங்கியதும் இந்தப் பதிவை வாங்கிவிடுவார்கள். கதவு வழியாகக் கடலில் போடப்போகிறேன். இதை வைக்கும் மஞ்சள் பெட்டி மிதக்கும். கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும், நான் பொய் சொன்ன நாளில் அவர்கள் என்னை நம்பினார்கள் என்று

யமுனா கூப்பிடுகிறாள். "ஏறிட்டியா ஜெசி? பத்திரமா வாடி. வாசல்லயே நிக்கிறேன்."

வடக்கு வேண்டாம் அண்ணே. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். வடக்கு மட்டும்