பதினொரு நாள் புகை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

எங்கள் ஆலையில் மிச்ச எரிவாயுவை எரிக்கும் புகைபோக்கியின் மீட்டர் பதினொரு நாள் பழுதாகிக் கிடந்தது. நான் தயாரித்துக் கம்பெனி வெளியிடும் கரிமப் புகைக் கணக்கில் அந்த நாட்களுக்குப் பூஜ்யம் போடச் சொன்னார் மேலாளர்.

"மீட்டர் நின்னா புகையும் நின்னுடுமா சார்?"

"உங்க காண்ட்ராக்ட் அடுத்த மாசம் முடியுது மேடம்."

"தேதி எனக்கும் தெரியும் சார்."

முந்தைய மாதச் சராசரியைப் போட்டுத்தான் கையெழுத்திட்டேன். கவலைப்படாதீர்கள், யாரும் சத்தம் போடவில்லை. மதியம் என்னோடு சாப்பிட ஒருவரும் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த எண்ணை மாற்றுவதாக இல்லை. அதனால் அடுத்த மாதத்துக்குள் என் கட்டில்மேல் அடுக்கியிருக்கும் பழைய பேப்பர்களை எடைக்குப் போட்டுவிடுங்கள். ஆலைப் பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்