குப்பைக்குப் போன கண்ணாடி மூடி

தம்பி,

“மாத்திரை அட்டைன்னு நெனச்சுத்தான்டா குப்பையில போட்டேன்!” என்று நான் கத்த, “விமானி தலைக்கு மேல வர்ற கண்ணாடி மூடி அக்கா அது! மாடல் பிளேன் செட்டுல வந்தது சரியில்லைன்னு தனியா தருவிச்சேன்!” என்று நீ கத்த, தெருவே கேட்டது. நல்லதாய்ப் போயிற்று.

நீ கோபித்துக்கொண்டு போனதும் மாடிவீட்டுப் பெண் இறங்கி வந்தாள். பல் டாக்டரிடம் வேலை; கோணல் பல்லுக்கு, அச்சின் மேல் பிளாஸ்டிக்கைச் சூடாக்கிப் படியவைத்து, கண்ணாடி போல உறை வார்ப்பவள். உன் பொம்மைக்கும் (சரி, மாதிரி விமானத்துக்கும்) வார்த்துத் தருவாளாம். சாயங்காலம் வருகிறாள். அந்த மூடியின் அளவுக்கு மரத்தில் அச்சு செதுக்கி வை. சோறு அடுப்பின் மேல் இருக்கிறது. சட்டையை மாற்று, பெயின்ட் நாற்றம்.

நான் தையல்காரி வீட்டுக்குப் போகிறேன். சீக்கிரம் திரும்புவதாக இல்லை.

அக்கா

மறந்துவிட்டேன்: மாடிவீட்டுப் பெண்ணைப் பார்க்க பைக்கில் வருவானே ஒருத்தன், அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டானாம். விசாரித்துவிட்டேன்.