என் எழுத்துக்கு ஆள் பிடித்துத் தந்த மச்சானுக்கு

என் பாசமுள்ள மச்சான் பெருமாளுக்கு,

நீ போன ஊரில் பூ வாடவே வாடாது என்கிறார்கள். அப்படியென்றால் உனக்கு அங்கே என்ன வேலை? சும்மா உட்காரத் தெரியாத ஆள் நீ. யாரைப் பிடித்து என்ன கதை அளந்துகொண்டிருக்கிறாயோ.

இங்கே எல்லோரும் சுகம். உன் பூக்கடையை உன் சம்சாரம், என் தங்கச்சி சரோஜாதான் பார்த்துக்கொள்கிறாள். சுங்கை பட்டாணியில் சரோஜா கட்டும் மாலைக்கு ஆள் வரிசை கட்டி நிற்கிறது. வரிசை பாக்கார் ஆராங் வரை வந்து, எங்கள் வீட்டு வாசலைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போகிறது. சரி, அவ்வளவு இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். நீ இருந்தால் இந்த மாதிரி அளப்பையெல்லாம் "எடு" என்பாய். அந்த "எடு" கேட்காமல் என் வரிசை எங்கேயோ போய் நிற்கிறது, பார்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள், அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனால் அந்த ஆறாம் வகுப்பில் நான் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு வாத்தியார் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். அவருக்கு அன்றைக்குக் காய்ச்சல் என்று நீ ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாய். காய்ச்சல் எதனால் வந்தது என்று யாராவது கேட்டார்களா? லோரி ஓட்டி ஓய்ந்த பிறகு, இந்த வயதில், கூலிக்கு எழுதும் தொழிலில் இறங்கினேன். கல்யாண வாழ்த்து, கோயில் திருவிழா நோட்டீஸ், அறுபதாம் கல்யாணத்துக்குப் புகழ்மாலை, பதினாறாம் நாள் காரியத்துக்கு நாலு வரி, எது வேண்டுமானாலும் எழுதித் தருவேன். எழுதுவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி. ஆள் பிடிப்பதுதான் தெரியாது. அதை நீ செய்தாய்.

மாலை கேட்டு வருகிறவன் எதற்கு வருகிறான் என்பது ஊருக்கு முன்னால் உனக்குத்தான் தெரியும். ரோஜாவும் சம்பங்கியும் கேட்டால் கல்யாணம். கேட்கும்போதே குரல் இறங்கினால் சாவு வீடு. நூலைப் பல்லில் கடித்தபடியே ஆரம்பிப்பாய்.

"கல்யாணமா தம்பி? நல்லது நல்லது. வாழ்த்து யாரு எழுதுறா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே."

"என்னா தம்பி, வாழ்த்து இல்லாம கல்யாணமா? பின்னால நீலச் சேர்ல ஒருத்தர் ஒக்காந்திருக்காரு பாரு. டத்தோ வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் அவருதான். நேரமே கெடைக்காது அவருக்கு. நான் சொல்றேன், உனக்குச் செய்வாரு."

நேரமே கிடைக்காத நான் காலையிலிருந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருப்பேன். டத்தோ பட்டம் வாங்கிய எந்தப் பெரிய மனுஷன் என்று ஒருத்தனும் கேட்டதில்லை. உன் வாயிலிருந்து வந்தால் நம்பினார்கள்.

எழுதி முடித்ததும் உன் முன்னால் நின்று வாசிப்பேன். கை மாலை கட்டும், காது என் பக்கம் இருக்கும்.

"மச்சான், மாப்பிள லோரி ஓட்டுறான். நீ தேர ஓட்ட விட்டிருக்க. எடு."

"அழகுக்குத்தானேடா."

"பொண்ண நெலவுன்னு ஒரு தடவ சொன்னா போதும்லா. மூணு நெலவு எதுக்கு? மாப்பிள எதக் கட்டுவான்?"

காம்பைக் கிள்ளுகிற மாதிரி என் வரிகளைக் கிள்ளிப் போடுவாய். எனக்குக் கோபம் வரும். மிஞ்சியதை வாசித்தால் நன்றாக இருக்கும். அந்தக் கோபத்தை இப்போது எங்கே போய்த் தேடுவேன்?

நீ போன பிறகு ஒரு ஆள்கூட வரவில்லை, மச்சான். சரோஜாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"அண்ணே, சாவு வீட்டுக்காரன் கண்ணு செவந்து போய் நிக்கிறான். அவன்கிட்டப் போயி எங்க அண்ணன் நல்லா எழுதுவாருன்னு சொல்லச் சொல்றியா? அவருக்கு அந்த வாய் இருந்துச்சு. எனக்கு இல்ல."

அவள் சொன்னதில் தப்பில்லை. அதற்குள் என் மகளைக் கட்டிய மருமகன் மோகன் ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஜாகா வேலை, வாசல் காவல், பார்த்துவிட்டான். வாசலில் கொட்டகை, மின்விசிறி, வருகிற கார், லோரி காடிக்கெல்லாம் கம்பத்தைத் தூக்கிவிட வேண்டும். சட்டைகூட வாங்கி வந்து அலமாரியில் மாட்டிவிட்டான்.

"மாமா, நான் எழுத வேணாம்னு சொல்லல. மாசக் கடைசிக்குள்ள ஒரே ஒருத்தர் வந்து எழுதிக் குடுங்கன்னு கேக்கட்டும், நானே அந்தச் சட்டையத் திருப்பிக் குடுத்துடுறேன். யாரும் வரலன்னா போட்டுக்குங்க."

நல்ல பிள்ளை. மரியாதையாகத்தான் சொன்னான். அதனால்தான் வலித்தது. அந்தச் சட்டையைப் போட்டுவிட்டால் அப்புறம் நான் எழுதுகிறவன் இல்லை, எப்போதோ எழுதிக்கொண்டிருந்தவன்.

சரி, நானே என்னை விற்கிறேன் என்று கிளம்பினேன். முதலில் கார்டு அடித்தேன். தங்க எழுத்து. "எழுத்துச் செம்மல் மாணிக்கம்." பட்டம் யார் கொடுத்தது என்று கேட்காதே. நீ இருந்தால் நீ கொடுத்திருப்பாய், இல்லாததால் நானே எடுத்துக்கொண்டேன். கார்டு அடித்த கடையில் "கீழே காலியா இருக்கே அங்கிள், ஏதாவது போடணுமா?" என்று அந்தப் பெண் கேட்டது. நம் சாப்பாட்டுக் கடைகளில் எல்லாம் இருப்பது ஞாபகம் வந்தது. "மீண்டும் வருக" என்று போடச் சொன்னேன்.

அடுத்த நாள் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு சாவு. சரோஜா கட்டிய மாலையை நானே கொண்டுபோனேன். மாலை போகிற இடத்துக்கெல்லாம் நீ என் பெயரை அனுப்பினாயே, அதே கணக்குத்தான் என்று நினைத்தேன். மாலையைப் போட்டேன், கும்பிட்டேன், மூத்த மகன் கையில் கார்டை வைத்தேன். குமரன் என்று பெயர். அவன் கார்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான். மலாய்ப் பள்ளியில் படித்த பையன். பக்கத்தில் இருந்த அத்தைக்காரியிடம் கொடுத்தான்.

"அத்த, என்னா போட்டிருக்கு?"

அந்த அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள். கடைசி வரியில் குரல் ஏறியது.

"மீண்டும் வருகவா? ஏய்யா, இந்த வீட்டுக்கு இன்னொரு தடவ வரணுமா நீ? இன்னும் யாரப் பாத்து வச்சிருக்க?"

சாவு வீட்டை விட்டுப் புறப்படும்போது "போயிட்டு வரேன்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லாத சனம் நாம். பேசாமல் எழுந்து போய்விடுவோம். நான் தங்க எழுத்தில் அடித்துக் கையிலேயே கொடுத்திருக்கிறேன். நல்லவேளை, பறைச் சத்தம் ஆரம்பித்தது. எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. செருப்பு ஒன்று மாறியிருந்தது, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

பிறகு யான் என்கிற ஊருக்குப் பஸ் ஏறினேன். நம்மைத் தெரியாத ஊர் நல்லது என்று தோன்றியது. வயலை ஒட்டிய சாலையில் நம் ஆள் ஒருத்தர் மளிகைக் கடை வைத்திருந்தார். குனோங் ஜெராய் மலை அளவுக்கு என் பெருமையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், தண்ணீர் கொடுத்தார்.

"எல்லாம் சரிண்ணே. ஒங்களப் பத்தி நீங்களே சொல்றீங்களே. வேற யாரும் இல்லையா சொல்றதுக்கு?"

இருந்தான் என்றேன். தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் மலையைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். எத்தனை வருஷம் மச்சான், ஒருத்தன் முகத்தைப் பார்த்து என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை நானே சொல்ல வேண்டிய நிலைமையில் நீ என்னை விட்டதே இல்லை.

மாசக் கடைசி நெருங்கியது. சட்டையைப் போட்டுப் பார்த்தேன். தோள் பெரிதாக இருந்தது. அப்போது வாசலில் ஒரு காடி நின்றது. இறங்கியது குமரன். கையில் என் கார்டு. அடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று கேட்டைத் திறக்காமலே நின்றேன்.

"அங்கிள், அன்னைக்கு அத்த பேசினத மனசுல வச்சிக்காதீங்க. அப்பாவுக்குப் பதினாறாம் நாள் வருது. போட்டோ போட்டு நோட்டீஸ் அடிக்கணும். தமிழ்ல இருக்கணும். அப்பா தமிழ்தான் படிப்பாரு. எனக்கும் தம்பிக்கும் பேசத்தான் தெரியும், எழுதத் தெரியாது."

அவன் அப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? எழுதித் தள்ளினேன். கெடா மாநிலத்தின் அறிவுத்தேர் ஓட்டிய சாரதி என்றேன். இமயம் சாய்ந்தது என்றேன். குமரன் தலையைக் குனிந்து முழுக்கக் கேட்டான்.

"நல்லா இருக்கு அங்கிள்." கொஞ்சம் தயங்கினான். "ஆனா, இது யாரு?"

நீ என்னை எத்தனையோ முறை கிள்ளியிருக்கிறாய். இப்படி ரத்தம் வந்ததில்லை. தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், நீ உட்காரும் இடத்துக்கு எதிரே நின்று வாசித்தேன். சரோஜா பூத் தொடுத்துக்கொண்டே கேட்டாள். வாசிக்க வாசிக்க எனக்கே வெட்கமாக இருந்தது. எந்தப் பொய் இருக்கலாம், எந்தப் பொய் போக வேண்டும் என்று சொல்லத்தான் நீ இருந்தாய். இல்லாத ஆளிடம் எப்படிக் கேட்பது? குமரனிடமே போய்க் கேட்டேன்.

"ஒங்க அப்பா பஸ்ஸ எப்படித் தம்பி ஓட்டுவாரு?"

"ஹோர்ன் அடிக்க மாட்டாரு அங்கிள். பச்சப்புள்ள தூங்குற வீடா இருக்கும்பாரு. எறங்கிப் போயி கேட்டத் தட்டி, பேரு சொல்லிக் கூப்புடுவாரு. ஒவ்வொரு வீட்டுலயும்."

அதை அப்படியே எழுதினேன். இமயத்தை எடுத்தேன். தேரை எடுத்தேன். கை சும்மா இருக்குமா? ஒரே ஒரு வரியை மட்டும் நைசாக விட்டு வைத்தேன்: "அவர் பஸ்ஸில் போன பிள்ளைகள் ஒருநாளும் பள்ளிக்குத் தாமதமானதில்லை."

குமரன் சிரித்துவிட்டான். சாவு நடந்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தான் என்று அவன் மனைவி சொன்னாள்.

"அங்கிள், எறங்கி எறங்கிக் கூப்புட்டா எப்படிச் சீக்கிரம் போறது? தெனமும் லேட்டுதான் நாங்க."

"அப்போ எடுத்துடவா?"

"வேணாம் வேணாம், இருக்கட்டும். அப்பாவுக்கு அது புடிக்கும்."

காரியத்தன்று நோட்டீஸை வாசித்தது அந்த அத்தைதான். கேட்டைத் தட்டுகிற இடத்தில் குரல் உடைந்தது. தாமதமே இல்லை என்ற இடத்தில், அந்த பஸ்ஸில் போய் வளர்ந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் ஒருத்தர் குமரனிடம் இதை யார் எழுதியது என்று கேட்டார். அவன் என்னைக் காட்டினான். பீடோங்கில் அவர்கள் கோயில் திருவிழாவுக்கு எழுத வேண்டுமாம். மோகன் அன்றைக்கே சட்டையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஆக, ஜெயித்துவிட்டேன். ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்கிறேன். உனக்கு மட்டும் மீதியையும் சொல்கிறேன்.

அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது உன் பதினாறாம் நாள் ஞாபகம் வந்தது. உனக்கும் நான்தான் எழுதினேன். பூவுலக வேந்தன் என்றேன். ஆறடி உயர ஆலமரம் என்றேன். எல்லோரும் கை கொடுத்தார்கள். கிள்ளிப் போட ஒருத்தரும் இல்லை. இது யாரு என்று ஒரு குமரனாவது கேட்டிருக்கலாம். சரோஜா அதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு ஒன்றுமே சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அவள் புருஷன் அதில் எங்கேயும் இல்லை.

நீ குட்டை, மச்சான். கோபக்காரன். வாடிய சாமந்தியை உள்பக்கமாக வைத்துக் கட்டுவாய். கல்யாண மாலையில் மட்டும் அப்படிச் செய்ய மாட்டாய், கேட்டால் "அது ரொம்ப நாள் தாங்கணும்லா" என்பாய். மூன்று பந்தி சாப்பிடுவாய். உனக்காக எதையும் யாரிடமும் கேட்கத் தெரியாது, எனக்காக முன்பின் தெரியாதவனிடமெல்லாம் பல்லைக் காட்டினாய். இதை எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. நீ கேட்க முடியாத இடத்துக்குப் போன பிறகுதான் எழுத வந்திருக்கிறது. என்ன பிரயோசனம், சொல்?

சத்தியமாகச் சொல்கிறேன். உன் வருஷத் திதிக்கு மறுபடியும் எழுதுவேன். வேந்தன் இருக்க மாட்டான், ஆலமரம் இருக்காது. நீ இருந்த அளவுக்கே எழுதி, முதலில் சரோஜாவிடம் வாசித்துக் காட்டுவேன். அவள் தலையாட்டினால்தான் ஊருக்கு. உயரத்தில் மட்டும் ஒரு இஞ்சு கூட்டிக்கொள்கிறேன், மச்சான். அதை எடுக்கச் சொல்லாதே.

உன் சம்சாரத்தின் அண்ணன்,
உன்னோடு தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்,
மச்சான் மாணிக்கம்
பாக்கார் ஆராங், சுங்கை பட்டாணி