டீ கப் பட்டன்

12-4-98
என் வீட்டுக்காரர் மவுத்தாகி, அடக்கம் செய்து ஒரு மாதம் ஆகிவிட்டது. இத்தாவில் இருக்கிறேன், நாலு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக் கூடாது. நானும் மாமியாரும் ராஜபாளையத்து வீட்டில். ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் பக்கம் அவர் வைத்திருந்த டைப் கடையை அங்கே வேலை பார்க்கிற தவசிமுத்து தம்பியும் அய்யம்மாளும் பார்த்துக்கொள்கிறார்கள். எதையாவது எழுது, தூக்கம் வரும் என்றார்கள் மாமி. எழுதிவிட்டேன். வரவில்லை.

19-4-98
தவசித் தம்பி வந்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம், நடுவில் மாமி.

பத்திரம் அடிக்க என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டரில் ஒரு வேலை செய்து வைத்திருந்தார். எல்லாரும் டைப் அடிக்கிற வேர்டுக்குள்ளேயே ஒரு பட்டன், அதில் சின்னதாக டீ கப் படம். அதை அமுக்கினால் பேர், ஊர் கேட்கும். பிறகு பத்திரம் முழுசாக வந்து நிற்கும். அடியில் 'தட்டச்சு: அகமது கபீர்' என்று தானாக வரும். இப்போதும் வருகிறதாம். பேரை மட்டும் எடுக்க வழியில்லை, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறார்.

"மதினி, அண்ணன் உங்ககிட்ட ஏதும் சொன்னாகளா?"

என்னிடம் எதைச் சொன்னார்? நெஞ்சு வலிக்கிறது என்பதையே சொல்லவில்லை.

20-4-98
ஒவ்வொரு தாளிலும் அவர் பேரை அச்சுக்கு முன்னால் அய்யம்மாள் கையால் அழிக்கிறாளாம்.

3-5-98
தவசித் தம்பி மறுபடி வந்தார். பூட்டினதை விட்டுவிடுவோம், வேர்டுக்கு வெளியே தனியாக ஒரு புரோகிராம் எழுதுகிறேன் என்கிறார். வேண்டாம் என்றேன். வக்கீல்மார் கடைசி நேரத்தில் ஒரு வரி மாற்றச் சொல்வார்கள், வேர்டுக்குள் இருந்தால்தான் அங்கேயே மாற்றலாம் என்று என் வீட்டுக்காரர் சோறு தின்னும்போது சொல்லியிருக்கிறார். பாதி விளங்காமல் உம் கொட்டியிருக்கிறேன். அதையே தம்பியிடம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அதுவா காரணம்? தனியாக எழுதினால் அவர் பேர் எங்கேயும் வராது. அதுதான்.

5-5-98
வெக்கை. ஒன்றும் இல்லை.

21-5-98
செட்டியார்பட்டி மலைச்சாமியின் கிரையப் பத்திரத்தில் இவர் பேரை அய்யம்மாள் அழிக்க மறந்துவிட்டாள். வக்கீல் பார்த்துவிட்டார். முத்திரைத்தாள் வீண். மலைச்சாமி இவருடைய மய்யித்து அடக்கத்துக்கு வந்து நின்ற மனுசன். சத்தம் போடவில்லையாம். "செத்த மனுசன் எப்படித்தா எனக்குப் பத்திரம் அடிப்பாரு?" என்று மட்டும் கேட்டாராம். இனி இந்தக் கடைக்கு ஆள் அனுப்ப மாட்டேன் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

கடை போச்சுன்னா நான் எங்க போக? மாமிய யாரு பாக்க? யா அல்லா — பூட்டு போட்ட அந்த ஒரு வார்த்தையச் சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா மனுசன்.

17-7-98
இத்தா முடிந்தது. வாசலில் நின்றேன். தெரு அப்படியேதான் இருக்கிறது.

20-7-98
கடைக்குப் போனேன். மூன்று மிஷினில் ஒன்றில்தான் வேலை நடந்தது. அவர் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை, நின்றுகொண்டேதான் பட்டனை அமுக்கினேன். பத்திரம் வந்தது. அடியில் அவர் பேர். அய்யம்மாள் அழிக்கக் கை நீட்டினாள்.

"இரு ஏட்டி. நானே."

எந்தக் கட்டையைத் தட்ட வேண்டும் என்று காட்டினாள். ஒவ்வொரு எழுத்தாகப் போனது. கடைசியில் 'அ' மட்டும் நின்றது. செத்த நேரம் பார்த்தேன். அப்புறம் அதையும் அழித்தேன்.

தனியாகவே எழுதுங்கள் என்று தவசித் தம்பியிடம் சொன்னேன். வக்கீல் ஒரு வரி மாற்றச் சொன்னால் என்ன செய்ய என்றும் கேட்டேன்.

"யோசிச்சிட்டேன் மதினி. தாளு ரெடியானதும் புரோகிராமே வேர்டுக்குள்ள கொண்டுபோய் விட்டுரும், அங்க மாத்திக்கிடலாம். அன்னைக்குத் திரைக்குப் பின்னால இருந்து நீங்க சொன்னதுதான்."

கீழே யார் பேர் என்றார். யார் அடிக்கிறாளோ அவள் பேர் என்றேன்.

28-8-98
பாதி முடிந்ததாம். முழங்கால் வலி.

9-10-98
மலைச்சாமியின் தம்பிக்கு வாடகைப் பத்திரம். அந்த வக்கீலே அனுப்பியிருக்கிறார். புது புரோகிராமில் அடித்தார்கள். நடுவில் ஒரு வரி மாறியது, மாற்றினார்கள். அடியில் 'தட்டச்சு: அய்யம்மாள்'.

தவசித் தம்பி பழைய பட்டனை எடுத்துவிட்டார். அய்யம்மாள் அடுத்த தாளுக்கு மவுஸைப் பிடித்தாள். அம்புக்குறி டீ கப் இருந்த மூலைக்குப் போய், நின்று, திரும்பியது. நான் பார்க்காத மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.