கிரீச் சத்தமும் விளக்கு எண்ணெயும்

அஞ்சலை,

சாமி விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை எலி குடிக்கவில்லை, நம்ம ஒஸ்டின் கார்தான் குடித்தது. கிரீச் சத்தம் நிற்கட்டுமென்று பின்சக்கரத்து வில்லுப் பட்டைகளுக்கு நடுவே முழுப் போத்தலையும் நானே ஊற்றினேன். இப்போது கார் தோசைக்கல் மாதிரி மணக்கிறது. லயத்து வரிசை வீட்டு நாயெல்லாம் பின்னால் ஓடி வருகிறது.

காலையில் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில், கொழுந்தெடுக்கிற பொம்பளைகள் முன்னால், "நீ ஏறினாத்தான் வண்டி கிரீச்சுங்குது, பாரம் தாங்கல"ன்னு நான் சொன்னது கேலிக்குத்தான். அன்றிலிருந்து மலைக்கு நடந்தே போகிறாய். என்னோடும் பேச்சில்லை.

நேற்று கடைக்கார ஹலீம் நானாவைப் பின்சீட்டில் உட்கார வைத்து வட்டவளை வரை ஓட்டிப் பார்த்தேன். அவர் உன்னைப்போல் இரண்டு மடங்கு கனம். வண்டி மூச்சுவிடவில்லை. ஆகவே குற்றம் உன் எடையில் இல்லை, என் வாயில்தான்.

ரொட்டி சட்டிக்குள் இருக்கிறது. சம்பல் நான் அரைத்தது, தைரியமிருந்தால் சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை கந்தப்பளையில் உன் தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து. பஸ்ஸில் தனியாகப் போய்விடாதே, என்னோடு வா.

அழகுமுத்து

இன்னொன்று: நீ ஏறினால் மட்டும் ஏன் அந்தச் சத்தம்? உனக்காவது தெரியுமா?

(அதே கடிதத்தாளின் அடியில் அஞ்சலை எழுதியது)

காருக்கடியில படுத்துக் கேட்டீங்க, நானாவ ஏத்திக் கேட்டீங்க, என்னைக் கேக்க இப்பத்தான் தோணுச்சா? சத்தம் போட்டது என் மடியில இருந்த புதுக் கொழுந்துக் கூடைங்க. பிரம்பு இன்னும் பழகல. ஞாயித்துக்கிழமை வர்றேன், முன்சீட்டுல.