அப்பாவின் மாத்திரையும் உன் கைதட்டலும்

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அயர்லாந்தில் ஓயாமல் பெய்யும் மழையிலும் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், அதற்காகத் தினமும் ஜெபிக்கிறேன். இங்கே நானும் உன் தம்பி க்ளென்னும் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை போகவில்லை. ஈஸ்டரிலிருந்து அவர் சர்க்கரை மாத்திரை போடுவதை நிறுத்திவிட்டார், காலில் செருப்பு கடித்த புண் ஆறாமல் இருக்கிறது, இரண்டுமே எனக்குப் போன வாரம்தான் தெரியவந்தது. போனில் சொல்லலாம் என்றால் நம் வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவர் காதில் விழும், அதனால் கல்லூரி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன், இதைப் படம் எடுத்து அனுப்புவேன், கடைசி வரை படி.

ஜனவரியில் நீ அப்பாவுக்கு, தீட்டாத, பதப்படுத்தாத முழு உணவு பற்றிய வீடியோக்களை அனுப்பினாய். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினாய், கீரையும் சுண்டலும் தோல் நீக்காத தானியமும் கெடுதல் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன், அவருக்குத் தொப்பை கூடக் கொஞ்சம் குறைந்தது. ஆனால் அத்தோடு நின்றதா? தெருக்கோடி நோயலை உனக்கு நினைவிருக்கும், போன வருஷம் வரை வீடு வீடாக வந்து தண்ணீர் ஃபில்டர் விற்றவர். இப்போது அவர் உணவு நிபுணர். ஞாயிறு பூசை முடிந்ததும் தன் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு வகுப்பு எடுக்கிறார், உன் அப்பா முதல் வரிசை. வெள்ளையாக இருப்பது எல்லாம் விஷமாம், அரிசி, சர்க்கரை, மைதா, பால், உப்பு. நான் ஒருநாள் போய் உட்கார்ந்து, "பூண்டும் வெள்ளைதானே நோயல்?" என்று கேட்டேன். "சிஸ்டர், நெகட்டிவா பேசாதீங்க, இங்க வைப்ரேஷன் கெட்டுப்போவுது" என்றார். பாக்கெட்டில் வரும் எதையும் தொடக்கூடாது என்று அரைமணி நேரம் பேசிவிட்டு, வெளியே போகும் வழியில் பேரீச்சம்பழ லட்டை விற்கிறார், அதுவும் பாக்கெட்டில்தான், சர்க்கரை இல்லை என்று பெரிதாக அச்சடித்து. அப்பா காலையில் ராகிக் கஞ்சியில் வெல்லம், பதினொரு மணிக்கு அந்த லட்டு, மாலையில் பாதாமி மாம்பழம், ராத்திரி தேன் என்று ஏற்றிக்கொண்டே போனார். கேட்டால், இதெல்லாம் இயற்கை, எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு பார்த்துக்கொள்ளும் என்பார். ரத்தத்தில் கலந்த பிறகு, நான் பேரீச்சையிலிருந்து வந்தவன் என்று சொல்லிக்கொண்டு அந்தச் சர்க்கரை தனியாக ஒதுங்கி நிற்குமா? முன்னோர்கள் இதைச் சாப்பிட்டுத்தான் நூறு வயது இருந்தார்கள் என்பது நோயலின் இன்னொரு கண்டுபிடிப்பு. கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் நம் குடும்பத்துக் கல்லறைகளில் உள்ள வருஷங்களைக் கழித்துப் பார்க்கட்டும், பாதிப் பேர் அறுபதைத் தொடவில்லை.

ஈஸ்டருக்கு முன் தவக்காலத்தில் நடந்த கூத்தை உன்னிடம் அப்பா சொல்லியிருக்க மாட்டார். பூசையில் எல்லோரும் ஃபாதர் கையால் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகிறார்கள், இவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அடுத்த வாரமும் அப்படியே. நம் பங்குக் கோயிலில் ஒரு ஆம்பிளை நன்மை வாங்கவில்லை என்றால், ஏதோ பெரிய பாவம் செய்துவிட்டான் என்றுதானே நினைப்பார்கள், உனக்குத் தெரியாதா. சாந்தகுமாரி ஆன்ட்டி கோயில் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜோசஃபின், மறைக்காத சொல்லு, கிளிஃபர்ட் ப்ரதருக்கு ஆபீஸ்ல யார்னா இருக்காளா?" என்று கேட்டுவிட்டார். கடைசியில் ஃபாதரே கூப்பிட்டு விசாரித்தார், பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டுமா என்று. உன் அப்பா மிகவும் பணிவாக, "அதில்ல ஃபாதர், அந்த அப்பம் மைதா, ரிஃபைன்ட்" என்றார். ஃபாதர், "ஆண்டவரையே லேபிள் படிச்சுட்டுதான் வாங்குவியா கிளிஃபர்ட்?" என்றார். அடுத்த வாரத்திலிருந்து வாங்குகிறார், கசாயம் குடிப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. நானும் க்ளென்னும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தோம். சாப்பாட்டில் இவ்வளவு கறாராக இருப்பவர் மாத்திரையை மட்டும் விட்டுவிடுவார் என்று யாருக்குத் தோன்றும்.

போன வாரம் நொண்டிக்கொண்டு நடந்தபோதுதான் காலைப் பார்த்தேன், சுண்டுவிரல் பக்கம் கருத்து வீங்கியிருந்தது. அன்றே டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். இவர் பரிசு வாங்கியவர் போல, மாத்திரை எல்லாம் விட்டாச்சு, இப்போது முழு உணவுதான் என்கிறார். "சார், கீரை சாப்பிடுங்க, ராகி சாப்பிடுங்க, யாரு வேணாம்னது? மாத்திரைய யாரு நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டரம்மா கேட்டார். "என் பொண்ணு ஃபாரின்ல இருக்கா டாக்டர், அவளே சரின்னுட்டா" என்றார். எப்போது சொன்னாள் என்று நான் கேட்டேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் போனை எடுத்துக் காட்டினார். ஐந்து கிலோ குறைந்துவிட்டது, இனி மாத்திரையே தேவைப்படாது போலிருக்கிறது, நிறுத்தப் போகிறேன் என்று உனக்கு எழுதியிருக்கிறார். நீ அதற்குக் கீழே கைதட்டும் படத்தைப் போட்டிருக்கிறாய். ஆபீஸ் அவசரத்தில் முதல் வரியை மட்டும் பார்த்துத் தட்டியிருப்பாய், அது எனக்குப் புரிகிறது. அவருக்கு அது மருந்துச்சீட்டு. புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொள்கிறார், மாத்திரை மட்டும் மாட்டேன், இன்னும் இரண்டு மாதம் பார்க்கலாம் என்கிறார். விரலுக்கே அவ்வளவு நாள் கிடையாது என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்.

சாப்பாட்டு விஷயத்துக்கு எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். உன் தியோடர் பெரியப்பா ஒரு மாத்திரையில் ஆரம்பித்து, அப்புறம் ஊசி, அப்புறம் கால், அப்புறம் ஆளே இல்லை என்று ஆனதை அப்பா பக்கத்தில் இருந்து பார்த்தவர். மாத்திரைதான் அண்ணனைக் கொண்டுபோனது என்று இன்றைக்கும் நம்புகிறார். பெரியப்பா பாதி நாள் மாத்திரை போடவே இல்லை என்பது அவருக்கு நினைவில் இல்லை. அப்பாவின் அந்தப் பயத்தை வைத்துத்தான் லட்டு விற்கிறார் நோயல். அப்பா மேல் எனக்குக் கோபம் குறைந்துவிட்டது, நோயல் மேல் ஏளனத்தைத் தவிர எதுவும் இல்லை. இதில் இன்னொன்றும் இருக்கிறது. க்ளென் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியபோது அப்பா இரண்டடி தள்ளி நின்று எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நாங்கள் எல்லோரும் நரகத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டது போல. யாருக்கும் ஒரு நன்மையும் செய்யாமலே மற்றவர்களை விட உயர்ந்துவிட இப்படி ஒரு குறுக்குவழி. நீயும் உன் தோழிகள் வீட்டு விருந்துக்கு டப்பாவில் உன் சாப்பாட்டைக் கொண்டுபோவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் ஆஞ்சலா, கூப்பிட்டவர்கள் தட்டில் போடுவதைச் சாப்பிடு, ஒரு துண்டு கேக்கில் யாரும் சாகமாட்டார்கள்.

இந்த ஞாயிறு பூசை முடிந்து, நோயலிடம் போவதற்கு முன்னால், அப்பாவைக் கூப்பிட்டுப் பேசு. மெசேஜ் வேண்டாம், வாயால் சொல். விவாதம் பண்ணாதே, எதற்கும் நோயல் அவருக்கு ஒரு பதில் கற்றுக்கொடுத்திருப்பார். அப்பா, ராகியும் கீரையும் தொடரட்டும், ஆனால் மாத்திரையை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை, முழுதாகப் படிக்காமல் கைதட்டிவிட்டேன், தப்பு என்னுடையது, இன்றைக்கே போடுங்கள் என்று மட்டும் சொல். அவருக்கு முகம் விழுந்துவிடும். என் மகளுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற மனிதர், இனி கொஞ்ச நாள் சொல்லமாட்டார். சொல்லாவிட்டால் போகட்டும், அவர் இரண்டு காலில் நடந்தால் எனக்குப் போதும்.

தேவமாதா உன்னைத் தன் அருகிலேயே வைத்துக் காக்கட்டும், உன் வேலையும் உடம்பும் நன்றாக இருக்கட்டும். ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்காதே. அப்பாவிடம் பேசி முடித்ததும், போடுகிறேன் என்றாரா இல்லையா என்று எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பு, அதைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா ஜோசஃபின்
பிரேசர் டவுன், பெங்களூரு