சாக மறுத்த ராஜா

மார்ச் 3

பம்பரத்துக்கு,

('அன்புள்ள' என்று எழுதி அடித்திருக்கிறேன். உற்றுப் பார், தெரியும்.)

நேரில் பேசினால் கை நீண்டுவிடும் என்பதால் எழுதுகிறேன். ஆங்கில வகுப்பில் நம் உயிரை வாங்கும் அந்தப் பழைய ராஜா நாடகங்களைக் கிண்டல் செய்துதானே 'மூன்றரையாம் மன்னர்' எழுதினேன்? அதில் உன் வேலை என்ன? முதல் காட்சியில் குத்து வாங்கிச் சாவது. அவ்வளவுதான்! அதற்கப்புறம் நாடகத்தில் உன் தங்கையாகிய நான், வடிகட்டியைக் கிரீடமாக வைத்துக்கொண்டு வந்து, உன் பிணத்தின்மேல் காலை வைத்துப் பேச வேண்டும்.

மேடையில் நீ செத்தாயா? விழுந்தாய், எழுந்தாய். மறுபடி விழுந்தாய், "இன்னொன்று சொல்ல மறந்தேன்!" என்று மறுபடி எழுந்தாய். உன்னைக் குத்திக் குத்தி அட்டைக் கத்தியே மடங்கிப்போயிற்று. முடி சூடத் தெரிந்தவனுக்கு முடிக்கத் தெரியவில்லை. நேரமாயிற்று என்று டிரில் மாஸ்டர் திரையை இழுத்துவிட்டார். நான் ஓரத்திலேயே நின்றேன், தலையில் வடிகட்டியோடு.

ஆஸ்பத்திரி வார்டில் டியூட்டி மாற்றிக்கொண்டு வந்திருந்த என் அம்மா வீட்டில் என்ன சொன்னாள் தெரியுமா? "திரை நல்லா இருந்துச்சும்மா. அதைத் தைச்சது நீதானே?"

கொதிப்புடன்,
குண்டூசி

மார்ச் 5

குண்டூசித் தாயே,

ஜனம் விசில் அடிக்கும்போது எவன் சாவான்? உன் வசனத்தைவிட என் சாவுதான் பிரமாதம் என்று வாட்ச்மேன்கூடச் சொன்னார். சனிக்கிழமை மறுபடி போடச் சொல்கிறார்களே, அது யாரால்? ஒரு நன்றி சொல்.

சாகாவரம் பெற்ற,
பம்பரம்

மார்ச் 6

பம்பரம்,

நன்றி. சனிக்கிழமை உன் வேஷத்தை ஒல்லிக்குச்சிக்குக் கொடுத்தாயிற்று. படுத்தால் அவன் தூங்கியே போவான். எனக்கு அது போதும்.

அம்மாவுக்கு அன்றைக்கு டியூட்டி. இன்னொரு முறை யாரும் மாற்றித் தர மாட்டார்கள். இனி எனக்கு எழுதாதே.

குண்டூசி

மார்ச் 8

குண்டூசி,

இதை மட்டும் படி. அன்றைக்கு எங்கப்பா வந்திருந்தார். எங்களை விட்டுப் போன பிறகு முதல் தடவை. "லாரியை வெளிய நிறுத்திட்டுத்தான் வருவேன். உன் பார்ட் முடிஞ்சதும் கிளம்பிடுவேன்"னு போனிலேயே சொல்லிட்டார்.

ஓர நாற்காலியில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். நான் விழுந்ததும் பையைத் தூக்கினார். எழுந்தேன். வைத்தார், சிரித்தார். அப்புறம் எப்படிடீ சாவேன்? கடைசியில் திரை விழுந்தது, போய்விட்டார். உன்கிட்ட முன்னாடியே சொல்ல வாய் வரலை.

பம்பரம்

மார்ச் 9

பம்பரத்துக்கு,

படித்தேன். அழுதேன். அழுத பிறகும் கோபம் அப்படியே இருக்கிறது, என்ன செய்ய? உன் அப்பாவைப் பிடித்து வைக்க என் அம்மாவைக் காக்க வைத்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் சாவைக் கடைசிக் காட்சிக்கே தள்ளியிருப்பேனே, மடையா! எழுதினவள் நான்தானே?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஓய்வு. சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வா. கூடத்தில், டிவிக்கு முன்னால், செத்துக் கிட. அம்மா சோபாவில் இருப்பாள். உன்மேல் காலை வைத்து என் வசனம் முழுவதையும் சொல்லப்போகிறேன். நல்ல அழுத்தமாகவே வைப்பேன்.

அம்மா சிரித்தாலும் எழுந்திருக்காதே. அழுதாலும் எழுந்திருக்காதே. நான் முடிக்கும்வரை நீ பிணம்.

மன்னிப்பதைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கிறேன்.

குண்டூசி